கொட்டி வைப்பதே பாதி வேலை

சிறுகோள்களின் மணலையும் கல்லையும் கணினிக்குள் நடக்கவிட்டுப் பார்ப்பது என் தொழில். இதைச் சொன்னதும் பலரும் முதலில் கேட்பது, “எத்தனை துகள் வரை முடியும்?” என்றுதான். பெரிய கணினி கிடைத்தால் எண்ணிக்கை தானாகக் கூடும். என் மனசில் நிற்கும் கேள்வி வேறு: அந்தத் துகள்களை முதலில் எப்படிக் கொட்டி வைத்தோம்?

கணக்கிடும் முறை பழையது. 1979இல் பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் மண்பொறியியலுக்காக வெளியிட்டது. ஒவ்வொரு துகளும் ஓர் உருண்டை. இரண்டு உருண்டைகள் தொட்டால் நடுவே ஒரு சுருள்வில், துள்ளலை அடக்க ஒரு தணிப்பு, பக்கவாட்டில் உராய்வு. எது எதைத் தொடுகிறது என்று பார்த்து, விசைகளைக் கூட்டி, நியூட்டன் விதிப்படி ஒரு துளி நகர்த்த வேண்டும். பிறகு மறுபடியும் அதே வேலை. தானியக் கிடங்குக்கும் சுரங்கத்துக்கும் இதே கணக்குதான் ஓடுகிறது.

சிறுகோளுக்குப் போனதும் ஈர்ப்பு ஆட்டத்தை மாற்றிவிடுகிறது. பென்னு என்ற சிறுகோள் சுமார் 490 மீட்டர் அகலமுள்ள கற்குவியல். அதன் ஈர்ப்பு பூமியினுடையதில் லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அங்கே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்ட கல் தரையைத் தொட இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் இரண்டு கற்கள் மோதிப் பிரிவது ஒரு நொடியின் சின்னஞ்சிறு பகுதியில் முடிந்துவிடும். அந்த மோதலைப் பிடிக்க நேரத்தை அதைவிடப் பொடியாக நறுக்கியாக வேண்டும். நறுக்கினால் கணக்கு வாரக்கணக்கில் ஓடும். அதனால் வில்லை உண்மைப் பாறையைவிடப் பல மடங்கு தளர்வாக வைக்கிறோம். எடை ஏறக்குறைய இல்லாத இடம் என்பதால் துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று அமுங்குவதில்லை, அந்தச் சலுகை எடுபடுகிறது.

துகள்களைக் கொட்டிப் படுகை தயாரிக்கும்போதுதான் அந்தத் தளர்ந்த வில் காலை வாரும். பென்னுவின் ஈர்ப்பிலேயே துகள்கள் விழுந்து அடங்கக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதிக ஈர்ப்பில் கொட்டிவிட்டு, அடங்கிய பின் ஈர்ப்பைக் குறைக்கலாமே என்று தோன்றும். சட்டென்று குறைத்தால் அமுங்கியிருந்த வில்கள் விரியும், துகள்கள் கிளம்பும். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகம் பூமியில் கண்ணுக்கே தெரியாத துள்ளல். பென்னுவில் அதே வேகம் கல்லை அரை மீட்டருக்கு மேல் தூக்கிவிடும். ஆகவே படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் அதிர்வு சாகும்வரை விட்டு, மீண்டும் இறக்குகிறேன். ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரிகூடப் பெறாத வேலை இது.

கொட்டும்போது வைக்கும் உராய்வும் அப்படித்தான். உராய்வில்லாமல் கொட்டினால் துகள்கள் வழுக்கி நெருங்கி உட்காரும். உராய்வோடு கொட்டினால் இடைவெளி விட்டு நிற்கும். படியைத் தட்டி அளந்த அரிசிக்கும் தட்டாமல் அளந்ததற்கும் உள்ள வித்தியாசம். பிறகு இரண்டு படுகைக்கும் ஒரே உராய்வைக் கொடுத்து ஒரு தட்டை அழுத்திப் பாருங்கள். ஒன்று எதிர்த்து நிற்கும், மற்றது வழிவிடும்.

பென்னு வழிவிட்டது. 2020 அக்டோபர் 20 அன்று ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டு, சுமார் அரை மீட்டர் உள்ளே போனது. உந்துபொறி பின்னால் இழுத்திராவிட்டால் இன்னும் போயிருக்கும். பின்னர் கெவின் வால்ஷ் குழு, அளந்த விசைகளைத் துகள் கணக்குகளோடு ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டது: மேல் அடுக்குக்கு ஒட்டுவிசை கிட்டத்தட்ட இல்லை, அடர்த்தியோ முழுச் சிறுகோளின் சராசரியில் பாதிதான். பலரும் ஒட்டுவிசையைப் பற்றியே பேசினார்கள். என்னை உலுக்கியது அந்தப் பாதி அடர்த்தி. மேலே அமுக்க எடை கிடையாது, ஆகவே மேல் அடுக்கு தளர்ந்தே கிடக்கிறது. அந்தத் தளர்வைக் கணினியில் கொண்டுவருவதுதான் கடினம். உருண்டைகளை எவ்வளவு மெதுவாகக் கொட்டினாலும் ஓரளவுக்கு மேல் இடைவெளி நிற்காது. கோணல்மாணலான கற்கள் ஒன்றையொன்று தாங்கி அந்தரத்தில் நிற்கும். அதை உருண்டைக்கு “உருளல் தடை” என்ற ஓர் எண்ணால் ஈடுகட்டுவது எனக்கு மனநிறைவு தருவதே இல்லை. நேரம் அதிகமானாலும் பன்முகக் கற்களையே போட வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது மேசையில் இருப்பது டைமார்ஃபஸ், இன்னொரு சிறுகோளைச் சுற்றும் குட்டிச் சிறுகோள். 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் கலம் அதில் மோதியதில் அதன் சுற்றுக்காலம் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. குழி மட்டும் விழுந்ததா, உருவமே மாறியதா என்பதை நேரில் பார்க்க, 2024 அக்டோபரில் கிளம்பிய ஹீரா விண்கலம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே மோதலை இறுக்கமான குவியல், தளர்ந்த குவியல், நடுத்தரம் என்று தனித்தனியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். படம் வந்த பின் எண்களைத் திருகிப் பொருத்துவது எவருக்கும் முடியும். அதற்கு முன்பே எல்லா ஓட்டங்களையும் முடித்து, தேதி போட்டு வெளியிட்டுவிட வேண்டும்.