புரண்டு படுத்தல்

படுக்கையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பாயல், சேக்கை, அணை, அமளி, சயனம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் அமளி எனக்கு மிகவும் பிடித்த சொல். படுக்கைக்கும் ஆரவாரத்துக்கும் அது ஒன்றே. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்க எடுத்துக்கொள்ளும் இடம் பெரிது. யானைத் தந்தத்தால் இழைத்த வட்டக் கட்டில். அதன்மேல் துணையோடு கூடிய அன்னங்களின் தூவி கொண்டு அமைத்த அணை. அவ்வளவு மென்மையின் மீதும் அவளுக்கு உறக்கம் இல்லை. திருப்பாவையில் வரும் பஞ்சசயனத்துக்கு ஐந்து பொருள்களால் நிரப்பிய படுக்கை என்றும், ஐந்து குணங்கள் வாய்ந்த படுக்கை என்றும் இருவகையாக உரை சொல்வார்கள். எந்த உரையிலும் காற்று இல்லை.

இந்தப் பாடங்களை ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அகப்பாடல்களில் படுக்கையில் புரள்வது துயரின் அடையாளம். தலைவி புரள்கிறாள் என்றால் தலைவன் வரவில்லை என்று பொருள். மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கிவிடும். ஆனால் புரள முடியாத ஒருவரைப் பல மாதங்கள் அருகிருந்து பார்த்த பிறகு, புரள்வது எத்தகைய செல்வம் என்பதைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நலமாக உள்ள மனிதர் ஓர் இரவில் பலமுறை புரள்கிறார். காலையில் அவருக்கு அதில் ஒன்றுகூட நினைவிருப்பதில்லை. தோலும் தசையும் ‘போதும்’ என்று சொல்கின்றன. உறங்கிக்கொண்டே உடல் அதற்குக் கீழ்ப்படிகிறது.

2021ஆம் ஆண்டு என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சு குழறியதே தவிர நினைவு தெளிவாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டின் கடைசி வரியில் ‘ஏர் பெட்’ என்று எழுதியிருந்தார்கள். மருத்துவக் கருவிகளை வாடகைக்குத் தரும் கடையிலிருந்து அதை எடுத்து வந்தோம்.

முதலில் பார்ப்பவருக்கு அது ஏமாற்றமளிக்கும் பொருள். வழக்கமான மெத்தையின் மேல் விரிக்கப்படும் ரப்பர் போன்ற விரிப்பு. குறுக்குவாட்டில் வரிசையாகக் காற்றுக் குழல்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சிறு பம்பு. இரண்டையும் இணைக்கும் இரு குழாய்கள். அவ்வளவுதான். ஒற்றைப்படைக் குழல்கள் உப்பியிருக்கும்போது இரட்டைப்படைக் குழல்கள் தளர்ந்திருக்கும். சுமார் பத்து நிமிடத்தில் நிலைமை தலைகீழாகும். படுத்திருப்பவரின் உடலில் இப்போது அழுத்தம் பெறும் இடம் சிறிது நேரத்தில் விடுதலை பெறும்; அங்கே மீண்டும் இரத்தம் ஓடும். புரள முடியாத உடலைப் புரட்டாமல், படுக்கை தானே அதன் அடியில் புரள்கிறது. அப்பா முதல் நாள் இரவு என்னை அருகழைத்துச் சொன்னார்: “அடியில யாரோ மூச்சு விடறாப்பல இருக்கு.”

படுக்கைப்புண் எவ்வாறு உண்டாகிறது என்பது இன்று ஓரளவு தெளிவு. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், அதாவது முதுகின் அடியில், குதிகாலில், இடுப்பின் பக்கவாட்டில், பின்னந்தலையில், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. நீண்ட நேரம் அப்படியே இருந்தால் சதை உள்ளுக்குள் சாகிறது. தோல் உடைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்ற எல்லையைப் பல நூல்கள் சொல்லும். 1930இல் லாண்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் விரல் நகத்தின் ஓரத்து நுண்குழாய்களில் அளந்த சராசரி அது. விரலில் அளந்ததை முதுகின் விதியாக்கிவிட்டார்கள். மெலிந்த முதியவரின் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, இந்தப் புண் நரம்புச் சிதைவிலிருந்து தானாக எழுவது, மரணத்தின் முன்னறிவிப்பு என்று கருதினார். அது உண்மையென்றால் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் நூலில் எதிர்த் திசையில் நின்றார்: நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் குற்றம் பொதுவாக நோயினுடையது அன்று, பராமரிப்பினுடையது என்பது அவர் கட்சி. இது சற்றுக் கடுமையான தீர்ப்புதான். எல்லாப் புண்ணையும் தடுத்துவிட முடியாது என்பதை இன்றைய மருத்துவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் வாழ்ந்தவர்கள் அவரது கட்சியால் வாழ்ந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த படைவீரர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் போட வைத்தார். அதுவரை அத்தகையவர்கள் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் மடிவதே வழக்கமாக இருந்தது.

நீர்ப்படுக்கையின் கதை இன்னும் பழையது. 1832இல் நீல் ஆர்னட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், தொட்டி நிறைய நீர் விட்டு, அதன்மேல் ரப்பர் பூசிய துணியைத் தளர விரித்து நோயாளியைக் கிடத்தினார். அதற்குக் காப்புரிமை பெற அவர் முயலவில்லை. எலிசபெத் காஸ்கெலின் ‘வடக்கும் தெற்கும்’ நாவலில் மார்கரெட், நோயுற்ற தாய்க்காக ஆலை முதலாளி வீட்டில் நீர்ப்படுக்கை இரவல் கேட்கப் போகிறாள். போன இடத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கூட்டம் வாசலை முற்றுகையிடுகிறது. நாவலின் பெரிய திருப்பம் இரவல் படுக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இந்த நாவலைப் பேசும் கட்டுரைகளில் தொழிற்சங்கம் வரும், காதல் வரும்; அந்தப் படுக்கைக்கு ஏனோ யாரும் இடம் தருவதில்லை.

எங்கள் வீட்டு வாடகைப் படுக்கையின் பம்பில் ஒரு திருகு இருந்தது. அதில் கிலோ கணக்கு அச்சிட்டிருக்கும். நோயாளியின் எடைக்கு ஏற்பத் திருப்பி வைக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒருநாள் குழல் ஒன்றில் காற்று இறங்கியிருந்தது. அப்பாவின் முதுகடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. வீட்டுக்கு வந்து பார்த்த செவிலியர் விரலால் அதை அழுத்தி எடுத்தார். “அழுத்தி எடுத்தா வெளுக்கணும். இது வெளுக்கல பாருங்க,” என்றார். தோல் இன்னும் உடையவில்லை என்பதே அப்போதைய ஆறுதல். அன்று அவர் அம்மாவுக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். “உள்ளங்கை மேல பார்க்கிற மாதிரி கைய இந்தக் காத்து மெத்தைக்கு அடியில, இடுப்புக்கு நேரா விடுங்கம்மா. எலும்பு கையில தட்டக் கூடாது. ஒரு அங்குலமாவது காத்து இருக்கணும்.” பக்கவாட்டில் முழுதாகச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும், பாதிச் சாய்வாக வைத்து முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் மிதக்க விட வேண்டும். அந்தச் சிவப்பு ஒரு வாரத்தில் மறைந்தது.

செய்தி கேட்டு வெளிநாட்டிலிருந்து அண்ணன் பேசினார். “தானா அட்ஜஸ்ட் ஆகிற மெத்தை இருக்குடா. அதை வாங்கிப் போட்டுடு. ராத்திரி யாரும் எழுந்திருக்க வேண்டாம். அம்மாவும் கொஞ்சம் தூங்கட்டும்.” உறவினர் சிலர் இதைப் பணத்தால் கடமையைக் கழிக்கும் பேச்சு என்று எடுத்துக்கொண்டனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவுக்கு அப்போது 71 வயது, இரு முழங்காலிலும் தேய்மானம். தந்தையின் தோலைப் போலவே தாயின் உறக்கமும் அவர் கவலை. தூரத்தில் இருப்பவருக்குத்தான் சில நேரங்களில் இரண்டும் சேர்ந்து தெரிகின்றன.

புதிய படுக்கை வந்தது. அதில் திருகு இல்லை. படுத்திருப்பவரின் பாரத்தால் குழல்களில் ஏறும் அழுத்தத்தை உணர்கருவி அளந்து, வேண்டிய காற்றைப் பம்பு தானே தீர்மானிக்கிறது. சாப்பிடுவதற்காகத் தலைமாட்டை உயர்த்தினால் பாரம் இடுப்புக்கு இறங்கும். உடனே படுக்கையும் அதற்கு ஈடுகொடுக்கும். அப்பா 68 கிலோவிலிருந்து 55க்கு இறங்கினார். அன்றாடம் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு புலப்படுவதில்லை. எங்களில் யாருக்கும் உறைக்காத அந்த மெலிவுக்கு ஏற்ப மெத்தை நாள்தோறும் தன்னைத் தளர்த்திக்கொண்டிருந்திருக்கும் என்பதை நினைக்க எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஆனால் அம்மா எழுவதை நிறுத்தவில்லை. மருத்துவரிடம் கேட்டோம். தோலின் நிலையைப் பார்த்து இடைவெளியைக் கூட்டலாம், புரட்டுவதை அறவே விட முடியாது என்றார். இரவு 11 மணி அம்மாவுக்கு, 2 மணி எனக்கு, 5 மணி என் மனைவிக்கு என்று பிரித்துக்கொண்டோம். 2 மணிக்கு நான் போகும்போது பெரும்பாலும் அம்மா விழித்திருப்பார். ஒன்றும் பேசமாட்டார். நான் அப்பாவின் தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்புவேன். அவர் தலையணையைச் செருகுவார். பிறகு கையை மெத்தைக்கு அடியில் விட்டுப் பார்ப்பார். கருவி அளந்து முடித்ததைத்தான் அவர் மறுபடி அளக்கிறார் என்று ஒருமுறை சொன்னேன். “அது காத்தைப் பார்க்குது. நான் அவரைப் பார்க்கிறேன்,” என்றார்.

பிறகு ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். பிரிட்டனில் 42 மருத்துவமனைகளில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளியானது. மாறிமாறி அழுத்தம் தரும் காற்று மெத்தையையும் உயர்தர நுரை மெத்தையையும் ஒப்பிட்டார்கள். இறுதிக் கணக்கில் இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. அண்ணனிடம் சொன்னபோது சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்ப அது வீணா?” என்று கேட்டார். வீண் இல்லை. அந்த மருத்துவமனைகளில் இரு தரப்பினரையும் பார்த்துக்கொள்ளச் செவிலியர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. இரண்டு மணி நேர இடைவெளி மூன்றாக நீண்டது அந்தப் படுக்கையால்தான். அந்த ஒரு மணி நேரம் அம்மா உறங்கினாரா என்பது வேறு விஷயம்.

2023 தொடக்கத்தில் அப்பா காலமானார். நீராட்டும்போது முதுகைப் பார்த்த சித்தப்பா, “ஒரு கீறல்கூட இல்ல அண்ணி,” என்றார். அம்மா அதற்கு மட்டும் அழுதார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அடுத்த தெருவில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஓர் அம்மாளுக்காக அவர் மருமகள் வந்து படுக்கையைக் கேட்டார். குழல்களைத் துடைத்து, காற்றை வெளியேற்றிச் சுருட்டிக் கொடுத்தோம். பம்பை எப்படி மாட்டுவது, மின்சாரம் போனால் குழாய் முனையை எந்த மூடியால் அடைப்பது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே வருமாறு திருப்பி, எங்கள் சோபாவின் திண்டுக்கு அடியில் செலுத்திக் காட்டினார்.

“இப்படி விட்டுப் பாருடி. எலும்பு தட்டக் கூடாது.”