மார்கழிப் பனியில் பாரம் இழுத்துச் செல்லும் வழி

குளிர்காலப் பயணம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குச் சூரத்துல் குறைஷ் நினைவுக்கு வரும். மக்தபில் சேர்ந்த சில மாதங்களிலேயே பிள்ளைகள் மனனம் செய்துவிடும் சிறிய அத்தியாயம் அது. மக்கத்துக் குறைஷிகள் குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும் கோடையில் வடக்கே ஷாமுக்கும் வணிகக் கூட்டங்களை நடத்திச் சென்றனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். குளிர்காலத்தில் யமன் இதமாக இருக்கும். கோடையில் ஷாம் குளிர்ச்சியாக இருக்கும். அவர்கள் பருவத்தைப் பார்த்துத் திசையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் தொழிலை நம்பி வாழும் நமக்கு அந்தத் தேர்வு இல்லை. நமக்கு இருப்பது ஒரே திசை: கிழக்கே, சென்னைத் துறைமுகம். ஐரோப்பியக் கடைகளில் வசந்தகாலத்துக்கு அடுக்கப்பட வேண்டிய காலணிகள் கார்த்திகை முதல் தை வரை இங்கிருந்து புறப்பட்டாக வேண்டும். நம் சாலையில் பனி மிகுந்திருக்கும் மாதங்களும் அவையே.

பனி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறிக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பனி என்றால் வெண்பஞ்சாக விழுந்து சாலையை மூடுவது. நம் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் கண்ணை மறைப்பது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஏரிகளிலும் வயல்களிலும் ஈரம் தங்கியிருக்கும் நேரத்தில், மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டியிருக்கும் ஈரக்காற்று நுண்துளிகளாக மாறி நிற்கிறது. தெற்கே ஜவ்வாது மலையும் வடக்கே ஆந்திர எல்லைக் குன்றுகளும் காவல் நிற்க, நடுவில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்குவது இயல்பு. அந்தப் பள்ளத்தாக்கின் ஓரமாகத்தான் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர் என்று செல்கிறது. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பனி இன்னும் பிரியாமல் மூன்று மாவட்டங்களிலும் ஒன்றாகவே கிடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பனி நள்ளிரவில் உச்சத்தை அடைவதில்லை. விடியலுக்குச் சற்று முன்பும், சூரியன் எழுந்த பிறகு சிறிது நேரமும்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். நம் பகுதியில் தை மாதத்தில் பஜ்ர் ஏறத்தாழ 5.15 மணி, சூரிய உதயம் 6.30 மணியைத் தாண்டி. பஜ்ர் தொழுதுவிட்டு வண்டி எடுப்பதுதான் நம் பெரியவர்கள் காலத்திலிருந்து வந்த வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் வேண்டினார்கள். அந்த ஹதீஸை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதி (ரலி) ஒரு வணிகர். தம் சரக்கைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பி வைத்துச் செல்வம் பெருகியவர் என்று அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் தாதா தோல் மண்டி நடத்திய நாளில் இந்தச் செய்தியைச் சொல்லிச் சொல்லியே வண்டிகளை அனுப்புவார். ஆனால் தாதாவின் நாளில் போனவை மாட்டு வண்டியும், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடத் திணறிய பழைய லாரியும். இன்று 40 அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு டிரெய்லர் போகிறது. அதிகாலையின் பரக்கத்தை நாங்கள் ஒருபோதும் மறுக்கவில்லை. சரக்கு எண்ணுவதும், ஏற்றுவதும், ஆவணங்களைச் சரிபார்ப்பதும் அதிகாலைப் பணிகளே. சக்கரம் உருள்வதற்கு மட்டும் சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எங்களுக்குப் பல ஆண்டுகளாக வண்டி ஓட்டிக் கொடுக்கும் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சு குறைவு. ஒருமுறை மட்டும், "நாம இழுக்கறோம்னு நினைக்கிறோம் பாய், பனியில பின்னாடி இருக்கறதுதான் நம்மளத் தள்ளும்" என்றார். பாரம் இழுத்துச் செல்வதன் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. 40 அடி கன்டெய்னரின் நீளம் 12.19 மீட்டர். சரக்கோடு சேர்ந்து அதன் எடை 30 டன்னைத் தொடக்கூடும். முன்னால் இருக்கும் இழுவை வண்டியும் பின்னால் வரும் பெட்டியும் ஒரே ஒரு முளையில் இணைந்து திரும்புகின்றன. ஈரச் சாலையில் முன்வண்டியின் சக்கரங்கள் பிரேக்கில் இறுகிப் பிடித்துவிட்டால், பின்னால் வரும் எடை நிற்காமல் முன்வண்டியைத் தள்ளும். இரண்டும் மடக்குக் கத்தியைப் போல ஒன்றன்மேல் ஒன்று மடங்கிவிடும். மறுபுறம், பெட்டி காலியாக இருந்தாலோ சரக்கு இலேசாக இருந்தாலோ பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிப்பதில்லை. அவை எளிதில் வழுக்கி, வால் பக்கவாட்டில் வீசும். காலி வண்டிதானே என்று திரும்பும்போது வேகமெடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் மச்சான் காருக்குப் பின்னால் கேரவன் கட்டி, குடும்பத்தோடு ஊர் சுற்றுபவர். அந்நாட்டில் காருக்குப் பின்னால் பாரம் இழுத்தால் நெடுஞ்சாலையிலும் மணிக்கு 60 மைலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். உறைந்த சாலையில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் பத்து மடங்கு வரை கூடலாம் என்று அவர்களின் சாலை விதிநூல் எச்சரிக்கிறது. ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் குளிர்காலத்துக்குரிய டயர் இல்லாமல் ஓட்டினால் அபராதம். மச்சான் சொல்லும் முறைகளைக் கேட்டபோது எங்கள் ஓட்டுநரின் பேச்சை வேறொரு குரலில் கேட்பது போலிருந்தது. கனமான பொருளைத் தரையோடு தாழ்த்தி, அச்சுக்கு மேலேயே வை. பின்பகுதியில் எடையைக் குவிக்காதே, பாம்பைப் போல நெளியத் தொடங்கும். நெளிந்தால் பிரேக்கை மிதிக்காதே; ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி. வண்டி பெரிதானாலும் சிறிதானாலும் இது மாறுவதில்லை.

நம் தொழிலில் இரண்டு வகைச் சரக்கு உண்டு, இரண்டும் எதிரெதிர் குணம் கொண்டவை. டேனரியிலிருந்து வரும் வெட் புளூ தோலில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அது கனம்; ஈரம்; சரியாகக் கட்டாவிட்டால் திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஷூ அட்டைப் பெட்டிகளோ கூரை வரை அடுக்கினாலும் எடை ஏறாது. இரண்டையும் ஒரே வேன் டிரெய்லரில் அனுப்புகையில் அடியில் தோலும் மேலே பெட்டியும் என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று தோலைக் கடைசியில், கதவோரம் வைத்துவிடுவதுதான் நடைமுறையில் நடக்கிறது. அந்த வசதிக்குரிய விலையைச் சாலை கேட்கும்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதீயில் வருகிறது. ஜும்ஆ பயான்களில் நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கன்டெய்னரின் நான்கு மூலைகளிலும் டிரெய்லரோடு பிணைக்கும் நான்கு பூட்டுகள் இருக்கின்றன. நான்கையும் பூட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது. பூட்டாமல் ஓடும் வண்டிகளை இதே சாலையில் நாம் பார்க்கிறோம். கயிற்றால் கட்டுவதற்குப் பதில் இரும்பால் கட்டுகிறோம், வேறுபாடு அவ்வளவே.

வேகத்துக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் பார்வைத்தூரம் 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்பனி, 50 மீட்டருக்குக் குறைந்தால் மிக அடர்பனி. 50 மீட்டரில் ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று நொடி. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி கழிந்துவிடும். மிச்சத்தில் 30 டன்னை நிறுத்த முடியாது. பனித்துளி சாலையின் எண்ணெய்ப் பசையோடும் தூசியோடும் கலந்து வழுக்குவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய பொழுதில் ஹைபீம் போடுவது கண்ணைத் தானே கட்டிக்கொள்வதற்குச் சமம். ஒளி துளிகளில் பட்டு நம் முகத்துக்கே திரும்பி வருகிறது. தாழ்ந்த விளக்கும், பனிவிளக்கு இருந்தால் அதுவும் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் மினுக்க விடுவது இன்னொரு பழக்கம். நிற்கும் வண்டியா, ஓடும் வண்டியா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இதே மாதங்கள்தாம் கரும்பு வெட்டும் காலம். டிராக்டருக்குப் பின்னால் ஒன்று அல்லது இரண்டு டிரெய்லரைக் கோத்து, பின்விளக்கை மறைக்கும் அளவுக்குக் கரும்பை அடுக்கி, அதிகாலையில் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் அந்தக் கரும்புச் சுவர் பனியில் தெரிவதே இல்லை. பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை இருந்தால் விளக்கு இல்லாவிட்டாலும் நம் வண்டியின் ஒளியில் அது மின்னும். வாகன விதிகள் அதைக் கேட்கின்றன. விற்பனைக் கடைகளிலும் மலிவாகவே கிடைக்கிறது. ரமளானில் இப்தார் கஞ்சி விநியோகிக்கும் நம் இளைஞர்கள் மார்கழியில் ஒரு மாலைப்பொழுது சாலையோரம் நின்று டிராக்டர்களுக்கு இந்தப் பட்டையை ஒட்டிக் கொடுக்கலாம் என்று எங்கள் மஹல்லா மஷூராவில் பேசியிருக்கிறோம். கிராமத்து விவசாயி நமக்கு அந்நியரல்லர். அவர் வீட்டுப் பெண்தான் நம் பட்டறையில் தையல் எந்திரத்தில் அமர்ந்திருக்கிறாள்.

நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவுப் பயணத்தில் இளைப்பாற இறங்கினால் பாதையை விட்டு விலகி இறங்குங்கள், இரவில் அது உயிரினங்கள் நடமாடும் வழி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பாலைவனப் பாதைக்குச் சொல்லப்பட்ட அந்த வழிமுறையை நான்குவழிச் சாலையின் ஓரத்தில் விளக்கணைத்து நிற்கும் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். பனி மூடினால் பெட்ரோல் பங்க்கிலோ, சுங்கச்சாவடியைத் தாண்டிய லாரி நிறுத்தத்திலோ ஒதுங்குவதே முறை. பழுதாகி நின்ற வண்டியைச் சுற்றி எச்சரிக்கைக்காகக் கருங்கல்லை வைப்பார்கள். வண்டி சரியானதும் போய்விடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும். இருசக்கர வண்டியில் பஜ்ருக்கு வரும் முதியவருக்கு அந்தக் கல் எமன். தொல்லை தரும் பொருளைப் பாதையிலிருந்து அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள், தாம் வைத்த கல்லையாவது எடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இவ்வளவும் ஓட்டுநரின் கையில் இருப்பவை. புறப்படும் நேரம் மட்டும் அவர் கையில் இல்லை. கப்பலுக்குப் பெட்டி உள்ளே போக வேண்டிய கெடு ஒன்று இருக்கிறது. அது தவறினால் அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டும். வாங்குபவர் விமானத்தில் அனுப்பச் சொன்னால் அந்தச் சரக்கின் இலாபம் முழுவதும் கரைந்துவிடும். அந்தப் பயத்தில் முதலாளி அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியில், "எப்படியாவது போய்ச் சேர்" என்கிறார். சரக்கு தாமதமானது தையலிலோ, பேக்கிங்கிலோ, ஆவணத்திலோ. அதை ஈடுகட்டச் சொல்வது பனியில் ஓட்டுபவரை. இது நீதியன்று. ஆம்பூரிலிருந்து துறைமுகம் 190 கிலோமீட்டருக்கு அருகில். முந்தைய நாள் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் பனி இறங்குவதற்கு முன்பே இராணிப்பேட்டையைத் தாண்டிவிடலாம். அதற்கு ஒரு நாள் முன்பாகவே பேக்கிங் முடிய வேண்டும். எங்கள் பட்டறையில் குளிர்கால ஆர்டர்களின் நாட்கணக்கை இப்போது இப்படித்தான் போடுகிறோம். காலையில் அனுப்பியே தீர வேண்டிய வண்டி என்றால், வாயிலில் நின்று பார்க்கையில் தெருக்கோடிப் பள்ளிவாசலின் மினாரா தெரிய வேண்டும். தெரிகிறதா என்று பார்த்துச் சொல்பவர் ஓட்டுநர். அதை மாற்றும் உரிமை எங்களுக்கு இல்லை என்று வைத்திருக்கிறோம்.

கன்டெய்னரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில், அதே சாலையில் அதே நேரத்தில் வரும் வேன்களை மறந்துவிடக் கூடாது. ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்தும், குடியாத்தம், மாதனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் விடியும் முன்பே சமைத்து வைத்துவிட்டு அவர்கள் வேன் ஏறுகிறார்கள். பத்து நிமிடம் தாமதமானால் கூலியில் பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் பத்து நிமிடத்தைப் பிடிக்கத்தான் வேன்காரர் பனியில் லாரியை முந்துகிறார். பனிநாட்களில் அரைமணி நேரத் தாமதத்தைக் கூலியில் கழிப்பதில்லை என்று சில பட்டறைக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். பெரிய தொழிற்சாலைகளை நடத்தும் நம் சகோதரர்களிடமும் இதைக் கொண்டுபோயிருக்கிறோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். தை பிறப்பதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.