காயல்பட்டினத்து மழையும் ஓர் அட்டவணையும்

20 டிசம்பர் 2023

ஞாயிறு காலை எட்டரை மணி முதல் திங்கள் காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது, தாமிரபரணி கரைபுரண்டது, கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போனதால், வெளியூர்க் கோப்பு வழங்கிகளிலிருந்து, அதாவது பிறர் எடுத்துக்கொள்வதற்கென்றே கோப்புகளை வைத்திருக்கும் கணினிகளிலிருந்து, மழைப் பதிவுகளை இறக்கி உறவுநிலைத் தரவுத்தளத்தின் அட்டவணைகளில் ஏற்றும் அன்றாடப் பணி நின்றுபோயிற்று.

23 டிசம்பர்

இணைப்பு மீண்டது, கோப்பும் வந்தது; ஆனால் காயல்பட்டினத்து வரி அட்டவணையில் ஏறவில்லை. ஒரு நாள் மழை 500 மி.மீ.க்கு மேற்பட்டால் அதைப் பிழையெனத் தள்ளுக என்று ஏற்றும் நிரலில் என்றோ எழுதப்பட்டிருந்த விதி, திருச்செந்தூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் 95 மி.மீ. 950 ஆகிவிடும் என்பதால், இத்தகைய வரம்பு காரணமின்றி வைக்கப்படுவதில்லை. ஆயினும் ஊர்களையே மூழ்கடித்த மழையை, அது பெய்ததற்கான தடயமே மிஞ்சாதபடி ஒரு நிரல் வெளியே தள்ளியிருப்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

மழைக்கான கட்டமும் 999.9 வரையே கொள்ளும்படி வகுக்கப்பட்டுள்ளது. 1995 ஜூன் 16 அன்று சிரபுஞ்சியில் ஒரே நாளில் பெய்த 156 செ.மீ. மழைக்கு இதில் இடமில்லை. அத்தகைய எண் வந்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பிழை காட்டி நின்றுவிடும், மைஎஸ்கியூஎல்லோ அதன் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை ஒன்றை மட்டும் விடுத்து 999.9 என்றே எழுதிக்கொள்ளும். நின்றுவிடுவதே நேர்மையானது.

24 டிசம்பர்

ஏற்றம் ஏதுமில்லை, குடிநீர் லாரிக்குக் காத்திருந்ததிலேயே பகல் கழிந்தது.

29 டிசம்பர்

அமெரிக்க வானிலை அமைப்பான நோவா பேணும் உலக நாள்வாரித் தொகுப்பின் கோப்பமைப்பைப் படித்ததில் மனம் சற்றுத் தெளிந்தது. அதில் நிலையத்தின் எண், ஆண்டு, மாதம் ஆகியவற்றைத் தொடர்ந்து 31 நாட்களுக்கான இடங்கள் ஒரே வரியில் அடுக்கப்பட்டுள்ளன, மழை மி.மீ.யின் பத்தில் ஒரு பங்காக எழுதப்படுவதால் 95 செ.மீ. 9500 ஆகிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒட்டி ஓரெழுத்து ஐயக்குறி ஒன்றுக்கு இடமுண்டு: வழக்கத்துக்கு மாறான எண்ணுக்கு ‘ஓ’, அக்கம்பக்கத்து நிலையங்களோடு பொருந்தாததற்கு ‘எஸ்’. ஐயம் எழுந்தாலும் எண் அழிக்கப்படுவதில்லை. ஐயமும் எண்ணும் அருகருகே இருக்கின்றன. இது எவ்வளவு பெரிய பண்பு!

இந்தக் கரையின் முத்துக்குளிப்பிலும், படகுகள் இறக்கிய சிப்பிகள் முதலில் வேலியடைத்த கொட்டில் குவிந்து, எண்ணிப் பங்கு பிரிக்கப்பட்ட பின்னரே ஏலத்துக்குச் சென்றன. கோப்பில் வந்த வரிகளையும் அவ்வாறே ஓர் இடைநிலை அட்டவணையில் வந்தபடியே எழுத்தாக இறக்கிவைத்து, சோதனையை அங்கு நடத்தி, ஐயக்குறியோடு முதன்மை அட்டவணைக்கு அனுப்புவதே முறை. நிலையமும் நாளும் சேர்ந்து முதன்மைச் சாவியாக அமையுமானால், ஒரே கோப்பு இருமுறை வந்தாலும் மழை இருமடங்காகாது.

4 ஜனவரி 2024

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை, கான்பூர் ஐஐடியில் பயின்ற அபய் பூஷண் 1971-இல் எழுதினார். உறவுநிலை அட்டவணைக் கோட்பாட்டை எட்கர் காட் வெளியிட்டது அதற்கு முந்தைய ஆண்டு. ஏறத்தாழ ஒரே வயதினவாயினும் இவற்றின் இயல்பு வேறு. அட்டவணை, ஒரு பரிவர்த்தனையை முழுமையாக ஏற்கும் அல்லது முழுமையாக மறுக்கும். கோப்புப் பரிமாற்றமோ பாதியில் அறுந்தால் பாதிக் கோப்பை விட்டுச் செல்லும், அப்பாதியும் பார்வைக்கு முழுமையானதாகவே தோன்றும். எனவே தற்காலிகப் பெயரில் இறக்கி, அளவைச் சரிபார்த்த பின்னரே உரிய பெயரிடுதல் வேண்டும்.

வெள்ள இரவில் வராத கோப்புகளைப் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. பதிவில்லாத இடத்தைச் சுழியமாக நிரப்பினால் அன்று மழையே பெய்யவில்லை என்று பொருளாகும். வெற்று மதிப்பு என்பது ‘தெரியவில்லை’ என்பதற்கான குறி. நோவா தொகுப்பில் அதற்கு −9999. அதைக் குறியென்று உணராமல் ஏற்றிக் கூட்டினால் மாத மழை கடலுக்கடியில் போய்விடும்.

5 ஜனவரி

வரம்பு விதி நீக்கப்பட்டது. காயல்பட்டினம் ஏறியது.

13 ஜனவரி

பொங்கலுக்கு ஊர் தயாராகிறது. ஈரத்தில் ஊறி உப்பிய மழைப் பதிவேடு ஒன்றின் நிழற்படம் கிடைத்துள்ளது. அதில் டிசம்பர் 18-ஆம் தேதிக்கு நேரே உள்ள எண்ணின் நடு இலக்கம் மசி கலைந்து 3 எனவும் 8 எனவும் படிக்க இடம் தருகிறது. காலை எட்டரைக்கு அளக்கப்படும் மழை அந்நாளின் தேதியிலேயே எழுதப்படுவதால், ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் பெய்ததும் திங்களின் கணக்கில் நிற்கிறது. வீடுகளில் நீர் நுழைந்த நேரத்தை நினைவுகூர்வோர் சொல்லும் நாளும் அட்டவணை காட்டும் நாளும் ஒத்துப்போவதில்லை. அளந்த நேரத்துக்கு ஒரு பத்தி, பதிவு வந்துசேர்ந்த நேரத்துக்கு ஒரு பத்தி எனப் பிரித்தாயிற்று. கலைந்த இலக்கம் உள்ள கட்டம் வெற்றாகவே இருக்கிறது. பதிவேட்டை நேரில் பார்த்தால் தெளியக்கூடும்.