கொடிநாளுக்கு மறுநாள்

டிசம்பர் மாதம் பிறந்ததும் எங்கள் கல்லூரிக்கு ஒரு பழுப்பு உறை வந்துசேரும். உள்ளே காகிதக் கொடிகளும் ஒரு கடிதமும் இருக்கும். கொடியில் மூன்று பட்டைகள்: சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. எத்தனை கொடி, எவ்வளவு தொகை என்பது துறைவாரியாகப் பிரிக்கப்படும். தமிழ்த்துறைக்கு விழும் பங்கை ஒரே நாளில் முடித்துவிடுவது எங்கள் வழக்கம். வகுப்புக்குள் சென்று, ‘ஆளுக்குப் பத்து ரூபாய்’ என்போம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தொகை குறைந்தால் நாங்களே போட்டுச் சரிக்கட்டுவோம். சில ஆண்டுகளில், கையெழுத்துக்கு வந்து நிற்கும் மாணவனிடம் ஒரு கொடியை நீட்டியதும் உண்டு. பிறகு வரைவோலை, பற்றுச்சீட்டு, கோப்பு. அதோடு கொடிநாள் முடிந்துவிடும்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஈகையைப் பற்றி ஆண்டு முழுதும் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் கையிலேயே ஈகை ஒரு வரியாக மாறிக்கொண்டிருந்ததை நாங்கள் உணரவில்லை. உணர்த்தியவர் ஒரு மாணவி.

2018 டிசம்பரில் இரண்டாமாண்டு இளங்கலை வகுப்பில் அவரும் பத்து ரூபாய் கொடுத்துக் கொடி வாங்கினார். இரண்டு மாதம் கழித்து ஓர் உதவித்தொகைப் படிவத்தில் கையொப்பம் வாங்க எங்கள் அறைக்கு வந்தார். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் ‘காலமானார்’ என்று எழுதியிருந்தார். அதற்குமுன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டோம். வங்கியில் காவலாளி என்றார். சற்று நிறுத்தி, ‘அதுக்கு முன்னாடி ஏர்ஃபோர்ஸ்ல சார்ஜென்ட்’ என்றார்.

எங்களில் யாருக்கும் சட்டென்று பேச்சு வரவில்லை. எந்தக் குடும்பத்துக்காகக் கொடி விற்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ, அந்தக் குடும்பத்துப் பிள்ளையிடமே ஒரு கொடியை விற்றிருக்கிறோம். அந்தப் பணம் சென்றுசேரும் நிதியிலிருந்து அவருக்கு ஏதும் வந்ததா என்று கேட்டோம். அப்படி ஒரு நிதி இருப்பதே அவருக்குத் தெரியாது. நேர்மையாகச் சொன்னால், எங்களுக்கும் சரியாகத் தெரியாது.

*

அதன் பிறகுதான் தேடிப் படித்தோம். நாடு விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டில், 1949 ஆகஸ்ட் 28 அன்று, பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு ஒன்று டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடிநாளாகக் கொள்வதென முடிவு செய்தது. 1993-இல் போரில் பாதிக்கப்பட்டோருக்கும் முன்னாள் படைவீரருக்குமாகத் தனித்தனியே இருந்த நிதிகள் ஒன்றாக்கப்பட்டுப் படைவீரர் கொடிநாள் நிதி உருவானது. தில்லியிலுள்ள மத்திய படைவீரர் வாரியம் இதிலிருந்து உதவிகளை வழங்குகிறது. மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அதற்கு வாசல்.

விமானப்படையைப் பொறுத்தவரை இந்த வாசல் மிகவும் தேவையானது. வானூர்தியை ஓட்டும் அதிகாரிகளைத்தான் நாம் படத்தில் பார்க்கிறோம். தரையில் நின்று இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவர், ரேடாரைக் கவனிப்பவர், எரிபொருள் நிரப்புபவர் என்று படையின் பெரும்பகுதி ‘ஏர்மென்’ எனப்படும் வீரர்கள். பள்ளிப்படிப்பு முடித்த கையோடு சேர்ந்து, இருபது ஆண்டு முதற்பணிக்காலம் முடிந்து வெளியேறும்போது பலருக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்காது. பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். வங்கி வாசலில் துப்பாக்கியோடு அமர்ந்திருக்கும் மனிதரை நாம் எத்தனை முறை கடந்து சென்றிருப்போம்!

நிதியின் உதவிகள் பெரும்பாலும் இத்தகைய கீழ்நிலை வீரர்களுக்கானவை. தரைப்படையில் ஹவில்தார், விமானப்படையில் அதற்கு இணையான சார்ஜென்ட் நிலைவரை உள்ளோரின் பிள்ளைகள் இருவருக்குப் பட்டப்படிப்பு வரை கல்வி உதவி உண்டு. எங்கள் மாணவிக்கு அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் கிடைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் இவ்வுதவிகள் இரட்டிப்பாக்கப்பட்டன: கல்விக்கு மாதம் 2,000 ரூபாய், ஓய்வூதியமில்லாத முதிய வீரருக்கும் கைம்பெண்ணுக்கும் மாதம் 8,000, மகளின் திருமணத்துக்கு ஒரு லட்சம். ஆனால் தொகை எவ்வளவு ஆனாலும், கேட்டால்தான் வரும். கேட்கத் தெரிய வேண்டும்.

*

மாணவியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றோம். முன்னறையில் கறுப்பு வண்ணம் பூசிய டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்தில் எண், பெயர், பதவி. படைக்குடும்பங்களின் வீடுகளில் இந்தப் பெட்டி கட்டாயம் இருக்கும். ஊர் ஊராக மாற்றலாகிப் போனவர்களின் ஒரே நிலையான சொத்து. அதைத் திறந்து அந்த அம்மையார் காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். பாதிக்கு மேல் பிரிக்கப்படாத உறைகள்.

‘அவரு இருந்தவரைக்கும் காயிதமெல்லாம் அவரே பாத்துக்குவாரு சார். இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் வரும். எனக்குப் பிரிக்கவே பயமா இருக்கும்’ என்றார்.

ஓர் உறை தமிழில் இருந்தது. மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் தலைமையில் நடக்கும் கொடிநாள் தேநீர் விருந்துக்கான அழைப்பு. ஏன் செல்லவில்லை என்று கேட்டோம்.

‘கொடிநாள்னு போட்டிருந்துச்சு. நன்கொடை குடுக்கிறவங்களுக்குன்னு நெனச்சேன். கையில காசு இல்லாம எப்படிப் போறது?’

இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம் என்றும் சொல்லலாம். எழுபது ஆண்டுகள் கொடி விற்றதில், கொடிநாள் என்றால் பணம் கேட்கும் நாள் என்பதை மட்டுமே நாம் மக்களுக்குச் சொல்லியிருக்கிறோம். பணம் யாருக்கு என்பதை அந்த ‘யாருக்கே’ சொல்லவில்லை.

அதன்பின் நடந்தவை அலுவலகக் கதைகள், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மையாரின் பெயர் தமிழில் ஒன்றுதான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் பணிப்பதிவேட்டில் ஒன்றும் ஆதாரில் வேறொன்றுமாக இருந்தது. ஓர் எழுத்துக்காக உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி முத்திரை, தில்லி சுப்ரதோ பார்க்கிலுள்ள விமானப்படை அலுவலகத்துக்கு விண்ணப்பம், மறுவிண்ணப்பம். எங்களில் ஒருவர் ஆங்கிலக் கடிதங்களை எழுதினார். இன்னொருவர், எங்கள் துறையின் மூத்த பேராசிரியை, ஒவ்வொரு முறையும் அம்மையாரோடு பேருந்தில் சென்று வந்தார். ‘அக்கா கூட வந்தா அங்க உக்காரச் சொல்றாங்க’ என்று அம்மையார் பின்னொரு நாள் சொன்னபோது, அந்தப் பயணங்களின் மதிப்பு எங்களுக்குப் புரிந்தது. ஊரில் இருந்த ஓய்வுபெற்ற விமானப்படை வீரர் ஒருவர், எந்தப் படிவத்தில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று ஒரு மாலை முழுதும் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். எட்டு மாதம் கழித்து ஓராண்டுக்கான பன்னிரண்டாயிரம் வந்தது. முந்தைய ஆண்டுக்குரியது காலம் கடந்துபோனதால் வரவேயில்லை.

*

2021 டிசம்பர் 7 அன்று வழக்கம்போல் கொடி விற்றோம். மறுநாள் நண்பகலில் செய்தி வந்தது. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 11.48-க்கு வெலிங்டன் நோக்கிக் கிளம்பிய எம்.ஐ.-17 ரக ஹெலிகாப்டரின் தொடர்பு 12.08-க்கு அறுந்தது, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்படப் பதினான்கு பேர் அதில் இருந்தார்கள். பதின்மூன்று பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தார்.

அந்தச் சிற்றூரின் மக்கள் பெரும்பாலும் உழைத்துப் பிழைப்பவர்கள். நெருப்பைக் கண்டதும் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். தூக்கிச் செல்லத் தூளி இல்லாதபோது வீட்டிலிருந்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீலகிரியின் டிசம்பர்க் குளிரில் ஒரு போர்வை என்பது என்னவென்று அங்கே ஓர் இரவு தங்கியவருக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் உண்டியல் நீட்டவில்லை; இலக்கு நிர்ணயிக்கவில்லை. சில நாள்களில் படையதிகாரிகள் அவ்வூருக்கே வந்து நன்றி கூறினார்கள். கம்பளிகளும் உணவுப்பொருள்களும் வழங்கினார்கள்.

எங்கள் சட்டைகளில் முந்தைய நாளின் கொடி இன்னும் இருந்தது. பத்து ரூபாய்க்கும் ஒரு போர்வைக்கும் உள்ள தூரத்தை அன்று அளந்து பார்த்தோம்.

அந்த விபத்தில் நாடே குடும்பங்களோடு நின்றது. சாலையோரத்தில் நின்று மக்கள் மலர் தூவினார்கள். ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக்கடலின் மேல் மறைந்தது. சிதைவுகள் 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் படம்பிடிக்கப்பட்டன. ஏழரை ஆண்டுகள்! உடல் இல்லை, சடங்கு இல்லை. அந்த வீடுகளில் ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்திடுவதுகூட, ‘அவர் இனி வரமாட்டார்’ என்று ஒப்புக்கொள்வதாகும். அந்நேரம் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எந்த நிதியும் அந்த ஆளை அனுப்பிவைக்க முடியாது.

*

பணம் திரட்டுவது நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணம் போர்நிதி திரட்டிக் கொடுத்தது. அதன் அடையாளமாகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் பிரிவு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியது. விமானம் பறக்க நிதி கேட்டால் மக்கள் தருவார்கள். அதில் ஒரு வீரம் இருக்கிறது. பறந்தவர் இறங்கி வீடு திரும்பிய பிறகு, அல்லது திரும்பாத பிறகு, கேட்பதுதான் கடினம்.

தமிழ் படித்தவர்கள் என்பதால் எங்கள் மனம் இங்கே நடுகல்லுக்குப் போகிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. வகுப்பில் அதை உற்சாகமாக நடத்துவோம். தாபதநிலை என்ற துறை வரும்போது சற்று வேகமாகக் கடந்துவிடுவோம். கணவனை இழந்தவள் அல்லியரிசி உண்டு நாளைக் கழிப்பதைப் பாடும் துறை அது. வீரனுக்குக் கல், அவளுக்கு அல்லியரிசி.

ஆயினும் நம் முன்னோர் கல்லோடு நின்றுவிடவில்லை. செங்கம் பகுதியின் நடுகல் கல்வெட்டுகளில் ‘நெய்த்தோர்பட்டி’ என்றொரு சொல் உண்டு. நெய்த்தோர் என்றால் குருதி. குருதி சிந்தி வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் அது. பிற்காலத்தில் உதிரப்பட்டி என்றும் இரத்தக்காணி என்றும் வழங்கியது. கல் இறந்தவனுக்கு, நிலம் இருப்பவர்க்கு. இரண்டும் சேர்ந்ததே மரியாதை. ஆண்டுக்கொரு நாள் கொடி குத்திக்கொள்ளும் நாம் கல்லை மட்டும் நட்டுவிட்டு நிலத்தை மறந்தவர்கள் ஆகிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. 2022-இல் அக்னிபத் திட்டம் வந்தது. அதன்வழி விமானப்படையில் சேரும் இளைஞருக்கு நான்காண்டுப் பணி. அதிகபட்சம் நான்கில் ஒருவர் மட்டும் தொடர்வார். வெளியேறுவோருக்கு ஒருமுறைத் தொகை உண்டு. ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எங்களிடம் படித்த இரு மாணவர்கள் அப்படிச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது இந்த உறையிலுள்ள கொடி அவர்களையும் குறிக்குமா? இதற்கு எங்களிடம் விடை இல்லை. ஊராவது அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து உட்காரவைக்கும் என்று நம்ப விரும்புகிறோம்.

*

இப்போது நாங்கள் செய்வது சிறிய காரியம்தான். நவம்பரிலேயே உதவிகளின் பட்டியலைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். யார் வீட்டில் படைவீரர் இருந்தார் என்று வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. தனியே வந்து சொல்லலாம் என்கிறோம். வருகிறார்கள். பெரும்பாலும் பேரன் பேத்திகள். சிலசமயம் அண்டை வீட்டு அம்மாவுக்காக ஒரு மாணவன். படிவம் நிரப்ப முதுகலை மாணவர் இருவர் உட்காருகிறார்கள். எழுத்துப்பிழையின் விலை என்ன என்பதை அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளும் அளவுக்கு எங்கள் வகுப்பில் கற்றதில்லை. கொடியும் விற்கிறோம். கட்டாயம் இல்லை என்று சொன்ன பிறகும் தொகை குறையவில்லை.

அந்த மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. சென்ற ஆண்டு தேநீர் விருந்துக்கு அவருடைய அம்மா சென்றுவந்தார். எப்படி இருந்தது என்று கேட்டோம்.

‘டீ நல்லா இருந்துச்சு சார். பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு இப்பதான் வீட்டுக்காரரைப் பறிகுடுத்திருக்கா. பெட்டி நிறையக் காயிதம் வச்சிருக்காளாம், பிரிக்காம. ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்கேன்.’