அறுபது மில்லி

சாப்பாட்டு மேசையில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் தென்னஞ் சாராயம் ஒரு போத்தல், காம்பாரி ஒன்று, சிவப்பு வெர்மூத் ஒன்று, ஜின்ஜர் பியர் இரண்டு. ஒரு தட்டில் தேசிக்காய், பக்கத்தில் இரண்டு தோடம்பழம், கித்துள் பாணி, அரைச் சாதிக்காய். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் நிற்கிறது. குலுக்குவதற்கு இன்றைக்கு அதுதான். மகன் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். காம்பாரியை மட்டும் ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்துகிறார். மிலானில் மதுச்சாலை மேடைக்குப் பின்னால் நின்று பழகிய கை அது.

வென்னப்புவவுக்கும் மாரவிலவுக்கும் இடையில், கடற்கரை வீதியோடு ஒட்டிய வீடு. ஓகஸ்ட் மாதம். இத்தாலியில் முதலாளிமார் கடையைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் போகும் மாதம் இது. அதனாலேயே இந்தக் கரையில் வீடுகள் நிறைகின்றன. வென்னப்புவவுக்குச் ‘சின்ன இத்தாலி’ என்று நாடெங்கும் பெயர். மகன் அங்கே கோப்பை கழுவத் தொடங்கி, கலக்கிக் கொடுக்கும் வேலைக்கு உயர்ந்தவர். அவருடைய மனைவி, இங்கிருந்து போன எத்தனையோ பெண்களைப் போல, அங்கே ஒரு முதிய அம்மாவைப் பராமரிக்கிறார். இந்த வீட்டில் அம்மாவும் மாமாவும் தமிழில் பேசுகிறார்கள், பிள்ளைகள் சிங்களத்தில் பதில் சொல்கிறார்கள், கணவனும் மனைவியும் எதையாவது எண்ணும்போது இத்தாலியத்துக்குப் போய்விடுகிறார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

வெளியே கச்சான் காற்று. கடல் ஏறிக்கிடக்கிறது. படகுகளை மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு இளமையில் இந்தப் பருவம் முழுதும் கிழக்குக் கரை வாடியில்தான் கழிந்தது. இப்போது விறாந்தையில் கழிகிறது.

எனக்கு ஒரு செவ்விளநீரை வெட்டித் தந்து மூலைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். அங்கிருந்து எல்லாம் தெரிகிறது.

முதலில் ஐஸ். மகனின் அக்கா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தட்டை எடுத்து வருகிறார். நேற்றே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உறைய விட்டது. இந்தக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சாலைப் பாளங்களை உடைத்து ரெஜிபோம் பெட்டிகளில் மீனுக்கு இறைப்பார்கள். மீனுக்குப் போகும் அந்த ஐஸ் கோப்பைக்கு ஆகாது என்பதில் அக்கா கண்டிப்பு. கொழும்பில் ஐஸ் கம்பனி தொடங்கியது 1866இல். பிற்பாடு எலிபன்ட் ஹவுஸ் என்று நாடறிந்த பெயராக வளர்ந்தது அதுதான். மேசையில் நிற்கும் ஜின்ஜர் பியரும் அந்த வீட்டுப் பிள்ளை. இலங்கையில் சாராயத்தோடு எதையாவது கலந்து குடிப்பவர்களில் பலர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். இஞ்சியின் காரம் தென்னஞ் சாராயத்தின் இனிப்போடு ஒத்துப்போகும். அது சரியான சேர்க்கைதான். ஆனால் மகன் இன்றைக்கு அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்.

தேசிக்காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுகிறார். உருட்டினால் உள்ளே அறை உடைந்து சாறு இளகும். குறுக்கே வெட்டி, கையாலேயே பிழிந்து, தேத்தண்ணி வடியில் வடிக்கிறார். கடைசிச் சொட்டுவரை நெரிக்கவில்லை. தோலை நெரித்தால் கசப்பு இறங்கிவிடும். கித்துள் பாணியில் அதே அளவு சுடுதண்ணீர் விட்டுக் கரைத்து ஏற்கெனவே ஆறவைத்திருக்கிறார். பாணியை அப்படியே விட்டால் குளிரில் இறுகி அடியில் தங்கிவிடும்.

பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தச் சிறிய உலோகக் கிண்ணம் வெளியே வருகிறது. இடுப்பு ஒடுங்கி, இரண்டு பக்கமும் வாய் உள்ள அளவுக் கிண்ணம். ஒரு வாய் முப்பது மில்லி, மறுவாய் இருபது. சாராயத்தை முப்பது வாயில் விளிம்புவரை ஊற்றி, ஒரு கணம் நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலுக்குள் கவிழ்க்கிறார். இன்னொரு தரம். அறுபது.

“இவ்வளவுதானா தம்பி?” மாமாவின் குரலில் உண்மையான கவலை.

“இவ்வளவுதான் மாமா. இருந்து பாருங்க.”

மாமாவின் கை போத்தலை நோக்கி நீளுகிறது. மகன் ஒன்றும் சொல்லாமல் போத்தலைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திருகுகிறார்.

சாறு இருபது, பாணிக் கரைசல் இருபது, கைநிறைய ஐஸ். மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலே குலுக்குகிறார். அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைக்கிறது. சற்று நேரத்தில் போத்தலின் வெளிப்புறம் வெண்மையாகப் பனிக்கிறது. இங்கே நீரும் ஒரு சேர்மானம் என்பதைக் குடிக்கிறவர்கள் நினைப்பதில்லை. குலுக்கும்போது ஐஸின் ஒரு பகுதி கரைந்து உள்ளே சேர்கிறது, கலவை பூச்சியத்துக்கும் கீழே குளிர்கிறது. ரம்மும் ஜின்னும் பெரும்பாலும் நாற்பது சதவீத அளவில் இருக்கும். நம் கடைகளில் விற்கும் சாராயம் பலவும் அதைவிட மெலிந்தது. ஆகவே இதை நெடுநேரம் குலுக்கக் கூடாது, தண்ணீராகிவிடும். மகன் அதை மனைவியிடம் இத்தாலியத்தில் சொல்லி, அம்மா பார்ப்பதைக் கண்டு தமிழில் மறுபடி சொல்கிறார். கியூபாக்காரரின் டைக்கிரியும் இதே கணக்குத்தான்: ரம், தேசிக்காய், சீனி. ரம் இருந்த இடத்தில் சாராயம், சீனி இருந்த இடத்தில் கித்துள்.

கோப்பையில் வடித்து, மேலே சாதிக்காயை இரண்டு தரம் உரசுகிறார். மாமா வாங்கி, பழக்கத்தில் ஒரே மடக்காக அண்ணாந்து விடப் போகிறார். அக்கா கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு மிடறு.

“இதுல சாராயம் எங்க?”

இன்னொரு மிடறு. இந்தத் தரம் வாயில் வைத்திருந்து விழுங்குகிறார். கண்கள் கடற்பக்கம் போகின்றன. “பின்னால வருது,” என்கிறார், யாரிடமும் இல்லாமல்.

பின்னால் வருவது தென்னம்பாளை. வெட்டிய பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே பதநீர் காற்றிலுள்ள ஈஸ்டால் புளிக்கத் தொடங்குகிறது. தாமதித்தால் காடியாகிவிடும் என்பதால் ஒரு நாளைக்குள் வடிசாலைக்குப் போக வேண்டும். தெற்கே களுத்துறைப் பக்கம் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, உச்சியிலேயே நடந்துபோய்ச் சீவுவார்கள். வடித்ததை ஹல்மில்ல மரப் பீப்பாக்களில் ஆறவிடுகிறார்கள். திருகோணமலை மரம் என்று பேர்பெற்று, மதராஸின் மசூலாப் படகுகளுக்கும் கப்பலேறிய அதே மரம். பாளையைச் சீவினால் அந்தக் குலையில் காய் இல்லை. இந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், லுணுவிலவில், 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காய்க்கிற மரத்தின் அருமையை இந்த மாவட்டம் நன்றாக அறியும். அப்படி ஒரு குலையை விட்டுக்கொடுத்து எடுத்த சாராயத்தை, நாக்கில் படாமல் தொண்டைக்குள் எறிவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்தச் சாராயம் சுவைக்கத் தக்கது. நம்மில் பலர் அதற்குச் சுவை இருப்பதையே அறியாமல் குடித்து முடிக்கிறோம்.

மிலானிலிருந்து வந்த புதுமை என்று அம்மா இதை நினைக்கிறார். வழி நேர்மாறானது. சாராயம், புளிப்பு, இனிப்பு, நீர், வாசனைச் சரக்கு சேர்த்த பஞ்ச் ஆங்கிலேயர் எழுத்தில் முதலில் தலைகாட்டுவது 1632இல், இந்தியாவின் கிழக்குக் கரையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனி ஆட்களுக்கிடையே போன ஒரு கடிதத்தில். பத்தாவியாவின் சாராயமும் கோவாவின் தென்னஞ் சாராயமும் ஐரோப்பாவுக்குப் போயின. லண்டன் வோக்ஸ்ஹோல் பூங்காவின் சாராயப் பஞ்ச் பெயர்பெற்றது. 1847, 48இல் வந்த தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபெயர்’ நாவலில் ஜோஸ் செட்லி அதைக் குடித்துத்தான் நிலை தடுமாறுகிறான், ஒரு கலியாணப் பேச்சும் அதோடு கெடுகிறது. 1862இல் நியூயோர்க்கில் ஜெரி தோமஸ் வெளியிட்ட கலவைக் குறிப்பு நூலிலும் சாராயப் பஞ்சுக்கு இடம் உண்டு. இன்றைக்கு உலகம் கொக்டெய்ல் என்று கொண்டாடுகிற குடும்பத்தின் மூத்த பிள்ளை, நம்முடைய கடல்களில் பிறந்தது.

இங்கேயோ சாராயம் வேறு வழியில் போனது. பிரித்தானியர் சாராயம் விற்கும் உரிமையை ஏலம்போட்டுக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர் போட்ட பணத்தை மீட்கத் தவறணைகளில் விற்பனை ஓட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் எழுந்த புதுப் பணக்காரக் குடும்பங்களின் கதையைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். விற்றவர் பக்கம் கல்வீடு எழுந்தது. குடித்தவர் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு இந்தக் கரையின் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு வீடு சாட்சி சொல்லும். வலை விற்ற வீடு, தோடு அடகுபோன வீடு, கசிப்பில் ஆளையே கொடுத்த வீடு. அவற்றை மறந்துவிட்டு ஒரு கோப்பையின் அழகை மட்டும் எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும், அல்லது அதனாலேயே, அந்த முப்பது மில்லிக் கிண்ணத்தின் மேல் என் கண் திரும்பத் திரும்பப் போகிறது. இந்த மேசையில் யாரும் கண்மதிப்பில் ஊற்றவில்லை.

அடுத்தது நெக்ரோனி. அதைக் குலுக்குவதில்லை. சாறு சேராத கலவையை ஐஸோடு கரண்டியால் கலக்கினாலே போதும், கலங்காமல் தெளிவாக நிற்கும். பிளோரன்ஸில் 1919இல் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபுவுக்காகப் பிறந்ததாகச் சொல்வார்கள். ஜின், காம்பாரி, சிவப்பு வெர்மூத் மூன்றும் சம பங்கு. சாராயம் ஜின்னைவிட மெலிந்தது, இனிப்பானது. ஆகவே மகன் சாராயத்தைக் கூட்டி வெர்மூத்தைக் குறைக்கிறார். தோடம்பழத் தோலைச் சீவி, கோப்பைக்கு மேலே முறுக்குகிறார். இத்தாலியில் அந்தத் தோல் மஞ்சட்சிவப்பு. இங்கே பிபிலைத் தோடை பச்சை. விளக்கு வெளிச்சத்தில் அதன் எண்ணெய் பொடிப் பொடியாகத் தெறிப்பது என் கதிரைவரை தெரிகிறது. மணமும் வந்து சேர்கிறது.

மாமா முகத்தைச் சுளித்து, “நிலவேம்புக் கசாயம்,” என்று கோப்பையைத் தள்ளிவிடுகிறார். மருமகள் சிரித்துக்கொண்டே அதைத் தன் பக்கம் எடுக்கிறார்.

படலை திறக்கும் சத்தம். யாரோ பக்கத்து வீட்டுப் பெண், கோயில் காரியமாக. மருமகளின் கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கோப்பை மாப்பேணிக்குப் பின்னால் போய்விடுகிறது. மிலானில் வேலை முடிந்த மாலையில் வீதியோர மேசையில் நாலு பேர் பார்க்க வைத்திருந்த கோப்பைதான். வந்தவர் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார். கோப்பை திரும்ப வெளியே வருகிறது. மாமியார் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்குப் போய்ச் சாராயம் வாங்கிவந்தவர் மகன். அக்காவுக்கும் மருமகளுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் இருபத்தொரு வயதையும் எப்போதோ கடந்தவர்கள். ஆனால் 1979இல் வந்த ஒரு மதுவரி அறிவித்தல் பெண்களுக்குக் குடிவகை விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெற வைத்தார். குடியால் இந்தக் கரையில் அதிகம் அழுதவர்கள் பெண்கள். அவர்களுக்கு அளவு தெரியாது என்று ஒரு சட்டம் நினைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வீட்டில் அளவு கேட்டவர் ஒரே ஒருவர்தான், அதுவும் அக்கா.

கொப்பியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். நத்தாருக்குத் தம்பி வரமாட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை, ஒன்றே ஒன்று, தானே கலக்கிக் கொடுக்கப் போகிறாராம். பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் சாராயமில்லாமல் தேசிக்காயும் பாணியும் ஜின்ஜர் பியரும். மகன் அந்த அம்மா கோப்பையை இப்போதே கலந்து காட்டுகிறார். அம்மா குடித்துவிட்டு உப்பு ஒரு சிட்டிகை கேட்கிறார். போட்டதும் மகனே ருசிபார்த்துத் தலையாட்டுகிறார். அக்கா எழுதிக்கொள்கிறார்: உப்பு.

“அந்தக் கிண்ணத்தை விட்டிட்டுப் போவியா?”

“வேலைக்கு வேணும் அக்கா. அடுத்த தரம் வேறொண்டு கொண்டுவாறன்.”

அக்கா எழும்பி உள்ளே போய், சமையலறைத் தட்டில் தேடி, பிள்ளைகளின் காய்ச்சல் பாணிமருந்தோடு வந்த சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் கொண்டுவருகிறார். பக்கத்தில் ஐந்து, பத்து என்று கோடு போட்டிருக்கிறது. மகன் அதைத் தண்ணீரால் நிரப்பித் தன் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்கிறார். மூன்று தரத்துக்குச் சரியாக நிரம்புகிறது. கழுவி, இனி மருந்துப் பக்கம் வைக்க வேண்டாம் என்கிறார்.

“அப்ப சாராயம் ஆறு, சாறு ரெண்டு, பாணி ரெண்டு,” அக்கா சொல்லிக்கொண்டே எழுதுகிறார்.

“ஏழு எண்டு போடு பிள்ளை,” மாமா.

“ஆறுதான் மாமா.”

ஆறின் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் சாமான் பட்டியலைத் தொடங்குகிறார்: தேசிக்காய் அரைக் கிலோ, கித்துள் பாணி ஒரு போத்தல், சாதிக்காய், ஐஸ் தட்டு இன்னும் ரெண்டு.