வெளிச்சம் மட்டும் போதுமா?

எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் இரண்டடி நீளமுள்ள நன்னீர்த் தொட்டியொன்றில் ரொட்டாலா மெக்ராண்ட்ரா என்னும் நீர்ச்செடியை வளர்த்து வருகின்றனர். நீருக்குள் நிமிர்ந்து வளரும் இத்தண்டுச் செடியின் தாயகம் தென்மேற்கு இந்தியா. இளஞ்சிவப்பு முதல் அடர்சிவப்பு வரை ஒளிரும் இலைகளைக் கண்டு விரும்பி வாங்குவோர் பலர். சில வாரங்களில் அடித்தண்டு அழுகி, இலைகள் உதிர, மனம் சலித்துக் கைவிடுவோரும் பலர்.

அந்தச் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. வலுவான ஒளியில்தான் அது மிகுதியாக உண்டாகும். ஆகவே, புதிதாக வளர்ப்போர் முதலில் விளக்கைக் கூட்டுகின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒளி கூடினால் கரிவளியும் இரும்பு முதலிய சத்துகளும் அதற்கேற்பக் கூட வேண்டும். கூடாவிடில் செடி தளரும். அது பயன்படுத்தாத வெளிச்சத்தில் பாசி படரும்.

செருமானிய வேதியியலறிஞர் யுஸ்டஸ் வான் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய விதி இதனைத் தெளிவாக விளக்குகிறது. தேவையானவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையை முடிவு செய்யும். மற்றவற்றை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை.

கரிவளிக் கலன் விலை அதிகம் என்பதால், எங்கள் மாணவர்கள் நெகிழிப் புட்டியில் சர்க்கரை நீரும் ஈஸ்ட்டும் கலந்து, அதில் எழும் கரிவளியைக் குழாய்வழி தொட்டிக்குள் செலுத்துகின்றனர். இரவில் செடியும் உயிர்வளியையே சுவாசிப்பதால், மீன்கள் திணறாதிருக்க அப்போது காற்றுக்கல்லை இயக்குகின்றனர். விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் மட்டுமே எரியும். நம் நாட்டு வெப்பத்தில் நீரின் சூடு 30 பாகையைத் தொட்டுவிடும். சூடான நீரில் கரிவளி குறைவாகவே கரையும். எனவே நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறி ஒன்று சுழல்கிறது. உயர்ந்து வளர்ந்த நுனியை வெட்டி, கீழிலைகளுக்கும் ஒளி எட்டுமாறு இடைவெளி விட்டு மீண்டும் நடுகின்றனர். மெல்லிய இலைகள் எளிதில் கசங்குமாதலால், அவ்வேளையில் வகுப்பே அமைதியாகிவிடும்!

நிற்க. அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு தாயார், "ஐயா, என் மகனை இன்னொரு டியூசனில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார். வாரத்தில் ஐந்து மாலைகள் அவன் டியூசனில்தான் இருக்கிறான்.

"அம்மா, அவன் எத்தனை மணிக்கு உறங்குகிறான்?"

"பதினொன்றரை ஆகிவிடும் ஐயா."

காலையில் பசியாறாமல் வந்து, இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளை அவன். ஓய்வு நேரத்தில் மட்டும் தொட்டியருகே நின்று, புதிய இலைகளை எண்ணிச் சொல்வான். எண்ணிக்கை தவறியதே இல்லை. அவனுக்குக் குறைவது பாடமன்று. உறக்கமும் காலை உணவுமே என்று அத்தாயாரிடம் எடுத்துரைத்தேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

அன்புப் பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! பிள்ளையின் மதிப்பெண் குறையும்போது உடனே விளக்கைக் கூட்டிவிடுகிறோம். அதற்கு முன், உண்மையில் எது குறைகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். கூடுதல் வகுப்பு தேவைப்படும் பிள்ளையும் உண்டு. எட்டு மணி நேர உறக்கமே தேவைப்படும் பிள்ளையும் உண்டு.