சிக்காத துப்பாக்கி

சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். “சிங்கப்பூரில் அதற்கெல்லாம் அனுமதி உண்டா?” “வீட்டில் எங்கே வைப்பீர்கள்?”

அனுமதி உண்டு. ஆனால் கிளப் மூலமாக, விதிகளுக்கு உட்பட்டுத்தான். வீட்டில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் கிளப்பில் துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய காப்பறையில்தான் இருக்கும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கில் துப்பாக்கியால் சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. இந்தக் கண்டிப்பைப் பார்த்தே வாழ்ந்த என் அம்மா, “மைக் பிடிக்கிற கைக்கு இது எதுக்குப்பா?” என்று கேட்டதில் வியப்பில்லை.

தேசிய சேவையில் எல்லாரையும்போல நானும் எஸ்ஏஆர் 21 பிடித்தவன்தான். அது கடமை. இது வேறு சுகம். ஒரே கையை நீட்டி, 25 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கைப் பார்க்க வேண்டும். நிதானச் சுற்றில் அதன் 10 புள்ளி வட்டம் வெறும் 50 மில்லிமீட்டர். நம் ஒரு வெள்ளி நாணயங்கள் இரண்டை ஒட்டி வைத்தால் வரும் அகலம். வாரம் முழுவதும் பேசிக்கொண்டே இருக்கும் எனக்கு, மூச்சை அடக்கி ஒரு சொல்லும் பேசாமல் நிற்கும் அந்த நேரம் பெரிய ஓய்வு.

இப்போது, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்ற யோசனை. மகளின் பாலர்பள்ளிக் கட்டணம் போக மிஞ்சும் காசு என்பதால், அவசரப்படவில்லை.

நான் பார்ப்பது .22 எல்ஆர் தோட்டாவில் இயங்கும் கைத்துப்பாக்கி. 1887 முதல் புழக்கத்தில் உள்ள தோட்டா. விலை குறைவு, அதிர்வும் குறைவு. ஒரு பலவீனமும் உண்டு. பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் நடுவில் இருக்கும். இதிலோ அது விளிம்புக்குள் பரவியிருக்கும். ஊசி விழும் இடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லையென்றால், ‘டிக்’ என்ற ஓசை மட்டும்தான்.

அந்த ‘டிக்’கை அலட்சியப்படுத்தக் கூடாது. தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு கையை உயர்த்தித் தள அதிகாரியை அழைக்க வேண்டும். அடிக்கடி சிக்கும் துப்பாக்கி பொறுமையைத் தின்றுவிடும். பொறுமை போனால் குழல் பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்ப ஒரு நொடி போதும். அதனால்தான் சொல்கிறேன், நம்பகம் என்பது புள்ளிக் கணக்கு மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. இதை விளக்கிய பிறகுதான் அம்மா, “அப்ப நல்லதாவே பாரு” என்றார்.

போட்டியாளர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் சுட்டுக்கொண்டிருந்தபோது அவரது துப்பாக்கி பழுதானது. நேரம் போனது, இறுதிச் சுற்றும் கைநழுவியது. 2024இல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்று அவர் அதற்குப் பதில் சொன்னார்.

இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர் போன்றவை போட்டிக்கென்றே செய்யப்படுபவை, விலையும் அதற்கேற்றபடி. பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு ரூகர் மார்க் 4 போன்ற எளிமையானவை போதும். 2016இல் வந்த அதை ஒரு பொத்தானை அழுத்தியே பிரித்துவிடலாம். இந்தத் தோட்டாக்கள் மெழுகும் ஈயக் கரியும் விட்டுச்செல்பவை. சுத்தம் செய்யச் சிரமமான துப்பாக்கியை யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை.

வாங்கும் முன் நான் செய்வது இதுதான். இரவல் பெற்று, இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களில் நூறு நூறு சுடுகிறேன். ஒவ்வொரு சிக்கலையும் நோட்டுப்புத்தகத்தில் குறிக்கிறேன். ஒரு துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவில் ஒன்பது முறை சிக்கியது, மற்றொன்றில் ஒருமுறைகூட இல்லை. துப்பாக்கிக்கும் நாக்கு உண்டு போலும்! மேகசின்களுக்கு எண் போட்டு வைப்பதும் உதவும். துப்பாக்கியின்மேல் நாம் போடும் பழி பல நேரம் வளைந்த மேகசின் வாய்க்கே உரியது. கடைசியாக, உதிரிபாகம் இங்கே கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்று விசாரிக்கிறேன்.

உங்களுக்கும் ஆசை இருந்தால், கடை விளம்பரத்தைப் பார்க்கும் முன் ஒரு கிளப்பில் சேருங்கள். ஆறு மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். உங்கள் கைக்கு எது பொருந்தும் என்பதை அதற்குள் உங்கள் கையே சொல்லிவிடும். பணத்தைப் பிறகு எடுக்கலாம்.